ஊட்டியிலிருந்து வந்த எச்சிவேரியா: 14 மாதத் தண்ணீர்க் கணக்கு

மே மாத ஊட்டிப் பயணத்தில், சாலையோர நர்சரி ஒன்றில்தான் என் முதல் எச்சிவேரியாவை வாங்கினேன். தடித்த இலைகளில் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுச் செடி அது. உள்ளங்கை அகலம். சாம்பல் கலந்த நீல இலைகள், ரோஜாப் பூ மாதிரி அடுக்கடுக்காக. இலை மேல் திருநீறு பூசியது போல ஒரு மெல்லிய மாவு. விற்ற அக்கா, "வாரத்துக்கு ரெண்டு தடவை தண்ணி விடுங்க, போதும்" என்றார். 2,200 மீட்டர் உயரத்தில், மே மாதத்திலும் ராத்திரி ஸ்வெட்டர் போட வேண்டிய ஊரில் அந்தக் கணக்கு ஒத்துவந்திருக்கலாம்.

என் வீடு சென்னையில். இரண்டாவது மாடி, கிழக்கு பார்த்த பால்கனி. வெயில் காலமாச்சே என்று வாரத்துக்கு மூன்று முறை ஊற்றினேன். நான்காவது வாரம் அடி இலைகள் மஞ்சளாகி, ஊறவைத்த ஜவ்வரிசி போல உள்ளே வெளிச்சம் தெரிந்தது. விரல் பட்டதும் கழன்று விழுந்தன. மேல் இலைகளும் தொங்க ஆரம்பித்தன. அம்மா பார்த்துவிட்டு, "ஏண்டி, செடி வாடுது பாரு, ஒரு சொம்பு தண்ணி ஊத்து" என்றார். ஊற்றினேன். அந்த ஒரு சொம்புதான் கடைசி. வேர் அழுகிவிட்டால் மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது, அதனால் தாகத்தில் வாடுவது மாதிரியே வாடும் என்பது அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தெரியாது.

இரண்டு நாள் கழித்துத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வேர் கறுத்து, சேற்று நாற்றம். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத் தண்டைக் கீழிருந்து வட்டம் வட்டமாக நறுக்கினேன். முதல் துண்டு முழுக்கப் பழுப்பு. இரண்டாவதில் நடுவில் மட்டும் ஒரு பழுப்பு வளையம். ஐந்தாவது வெட்டில்தான் கறையே இல்லாத வெளிர் பச்சை தெரிந்தது. ஒரு புள்ளி பழுப்பு மிச்சம் இருந்தாலும் அழுகல் மேலே ஏறிவிடும், அங்கே இரக்கம் பார்க்கக் கூடாது. கையில் மிஞ்சியது ஒரு எலுமிச்சம்பழ அளவுக் கொண்டை. அதை ஒரு வாரம் நிழலில் வெறுமனே வைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியதும், காய்ந்த கலவை மேல் உட்கார வைத்தேன். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. நான்காவது வாரம் தூக்கிப் பார்த்தால் இளஞ்சிவப்பில் நூல் நூலாக வேர்! அதற்குப் பிறகுதான் முதல் தண்ணீர்.

கலவையையும் மாற்றினேன். ஊட்டியிலிருந்து வந்தபோது முழுக்கத் தென்னை நார்த்தூள். மலையில் அது ஒத்துவந்திருக்கலாம், சென்னையில் நாள் கணக்கில் ஈரம் பிடித்து வைக்கும். இப்போது ஒரு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு பெர்லைட் (சூட்டில் பொரிந்த வெள்ளை எரிமலைக் கல் துகள்), இரண்டு பங்கு பட்டாணி அளவு செங்கல் துண்டு. செங்கல்லை உடைத்தபின் தூளைச் சலித்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் களிமண் போலப் படிந்து ஓட்டையை அடைக்கும். தொட்டி 4 அங்குல மண் தொட்டி.

சரி, எப்போது ஊற்றுவது? முதலில் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, தொட்டியின் அடிவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு எடுத்துப் பார்த்தேன். குச்சி நிறம் மாறி, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஈரம். மேல் மண்ணைத் தொட்டுப் பார்ப்பதை விட இது எவ்வளவோ மேல். ஆனால் அடிக்கடி குத்தினால் இளம் வேர் அறுபடுமே என்று, சமையலறைத் தராசுக்கு மாறினேன். நன்றாக ஊற்றி வடிந்ததும் 785 கிராம். முழுக்கக் காய்ந்ததும் 640. நவம்பர் மழையில், சாரல் படாத மூலையில் வைத்தும் 640-க்கு இறங்க 17 நாள் ஆனது. ஜனவரியில் 9 நாள். அந்த மாதங்களில் கணக்கு அழகாக ஓடியது. 640 வந்தால் அடியில் வடியும் வரை ஊற்றுவேன். செடி வாரத்துக்கு வாரம் அகலமானது.

ஏப்ரல் கடைசியில் கணக்கு உடைந்தது. நான்கே நாளில் 640. ஊற்றினேன். மறுபடி நான்கு நாளில் 640. ஆனால் இலையைத் தொட்டால் கல் மாதிரி விறைப்பாக இருந்தது. அப்போதுதான் நின்று யோசித்தேன். தொட்டி காய்வது வேறு, செடிக்குத் தாகம் எடுப்பது வேறு. தண்ணீரைக் குடித்தது வெயில், செடி இல்லை.

காரணத்தைத் தேடிப் படித்தேன். எச்சிவேரியாவின் பூர்வீகம் பெரும்பாலும் மெக்சிகோவின் மலைப்பகுதிகள். பகல் காய்ந்தாலும் ராத்திரி குளிரும் இடங்கள். இந்தக் குடும்பத்துச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரியில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றிச் சேர்த்துவைக்கும். விடிந்ததும் அதை எடுத்துச் சமைக்கும். தண்ணீரைச் சேமிக்க அது கண்டுபிடித்த வழி. சென்னையில் மே மாத ராத்திரி 28 டிகிரியிலேயே நிற்கும்போது அந்த ராத்திரி வேலை மந்தமாகிவிடும், வளர்ச்சியும் நின்றுபோகும். வேலை நின்ற செடியின் சூடான மண்ணில் தண்ணீர் ஊற்றினால் வேர் வேகத்தானே செய்யும்? முதல் வருடம் நான் செய்தது அதைத்தான்.

அதனால் இரண்டாவது மே மாதம் தராசை ஓரம் வைத்துவிட்டு இலையைக் கேட்டேன். அடி வரிசையிலிருந்து இரண்டாவது இலையை விரல் நுனியால் லேசாக மடக்க வேண்டும். வளையாமல் நின்றால் வயிறு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் மாதிரி வளைந்து, மேலே மெல்லிய சுருக்கக் கோடுகள் இருந்தால் தாகம். கடைசி வரிசை இலையை வைத்து முடிவு செய்யக் கூடாது, அது வயதாகித் தானாகக் காய்ந்து போகிற இலை. தாகத்தின் சுருக்கமும் அழுகலின் கொழகொழப்பும் வேறு வேறு என்பதையும் விரல் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். காய்ந்த செடியை ஒரு தண்ணீரில் இரண்டு நாளில் மீட்கலாம், அழுகினதை மீட்கக் கத்திதான் வேண்டும்.

அந்த மே முழுக்க மூன்று முறைதான் ஊற்றினேன். மூன்றும் ராத்திரி எட்டு மணிக்கு மேல், தொட்டியைத் தொட்டுச் சூடு தணிந்திருக்கிறதா என்று பார்த்தபின், அரை டம்ளர் மட்டும். பத்து மணிக்கு மேல் வெயில் படாத இடத்துக்கும் மாற்றியிருந்தேன். செடி சற்றே சுருங்கி, இலைகளை உள்பக்கம் குவித்துக்கொண்டது. ஒரு இலை கூட அழுகவில்லை. பக்கத்து ஜன்னலில் இருந்த ஹாவொர்த்தியா என்ற இன்னொரு சதைப்பற்றுச் செடி இதையெல்லாம் சட்டையே செய்யவில்லை. நிழலும் புழுக்கமும் அதற்குப் பழகிவிட்டது, சென்னையில் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன்.

தெளிப்பானை நிறுத்தியே விட்டேன். நடுக்குருத்தில் தேங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் புழுக்கமான ராத்திரியில் குருத்தையே அழுக வைத்துவிடும். தப்பித் தவறி விழுந்தால் டிஷ்யூ பேப்பரின் முனையைத் திரித்து ஒற்றி எடுக்கிறேன். இலை மேல் இருக்கும் அந்த மாவிலும் கவனம் வேண்டும், ஒரு முறை போனால் அந்த இலையில் திரும்ப வராது. போன ஜூலையில் நான் பதித்த கட்டைவிரல் ரேகை ஒரு இலையில் மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. போர்வெல் தண்ணீர், செடித் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிய வைத்ததால், இப்போது ஊற்றுவது பிடித்து வைத்த மழைத்தண்ணீர், அது தீர்ந்தால் ஏசியிலிருந்து வடியும் தண்ணீர்.

இப்போது ஜூலை. செடி 11 சென்டிமீட்டர் அகலம், அடியில் இரண்டு குட்டிகள். அம்மா இப்போது சொம்போடு வருவதில்லை. காலையில் காபி குடித்துக்கொண்டே அடி இலையை மடக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அது முந்தாநாள் சொன்னது. இன்று காலை இரண்டாவது வரிசையில் மூன்று இலைகள் வளைந்தன. தராசில் 638. ராத்திரி ஊற்றப் போகிறேன்.