கேட்ச் கேன் மாட்டிய கதை: 61,400 முதல் 78,000 கி.மீ. வரை

61,400 கி.மீ.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மெல்லிசாக ஒரு விசில். டர்போ என்கிற விசிறி இன்ஜினுக்கு அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது இன்டர்கூலர். அதன் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கும், இறுக்கிவிடலாம் என்று பானெட்டைத் திறந்தேன். ஹோஸைக் கழற்றியதும் உள்ளேயிருந்து கருப்பாக ஆயில் வழிந்து முழங்கை வரை ஓடியது. காற்று மட்டும் போகவேண்டிய குழாயில் ஆயிலுக்கு என்ன வேலை? டர்போ போய்விட்டது என்று வயிறு கலங்கியது.

டர்போவின் தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் வழக்கமாக இருக்கிற இம்மியளவு ஆட்டம்தான். முன்னும் பின்னும் அசைவே இல்லை. பிறகு டர்போவுக்கு முன்னால், ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயையும் கழற்றினேன். ஃபில்டர் பக்கம் காய்ந்து கிடந்தது. இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரிலிருந்து உள்வாயுவை வெளியேற்றும் பிரீதர் ஹோஸ் சேருகிற இடத்திலிருந்துதான் ஈரம் ஆரம்பம். குற்றவாளி டர்போ இல்லை.

எந்த இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்குகள் நூறு சதவீதம் அடைப்பதில்லை. எரிந்த வாயு கொஞ்சம் ரிங் இடுக்கு வழியாகக் கீழே, இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அங்கே சுழன்று தெறிக்கிற ஆயிலின் மூடுபனியையும், நீராவியையும், எரியாத எரிபொருளையும் சேர்த்துக்கொண்டு வெளியே வழி தேடும். பழைய வண்டிகளில் ஒரு குழாயைக் கீழே இறக்கி ரோட்டிலேயே விட்டுவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் விற்ற 1961 மாடல் கார்கள் முதற்கொண்டு, அதைத் திருப்பி இன்ஜினுக்கே ஊட்டும் ஏற்பாடு வந்தது. ஊர்க் காற்றுக்கு நல்லது, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பாதைக்குத்தான் கேடு. டீசலில், எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விடும் ஈஜிஆர் வழியாக வரும் கரி அந்த ஆயிலில் ஒட்டித் தார் மாதிரி படியும். நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜினில் எரிபொருள் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுவதால், இன்டேக் வால்வைக் கழுவிவிட ஆளே இல்லை.

என்னுடையது டர்போ டீசல், இரட்டைக் கேபின் பிக்கப். ஒரு கேட்ச் கேன், அதாவது அந்த வாயுவிலிருந்து ஆயிலைப் பிரித்துப் பிடித்துக்கொள்ளும் டப்பா, மாட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு.

61,900 கி.மீ.: கேனைத் தேர்ந்தெடுத்தது

நண்பன் ஒருவன் தன்னிடம் சும்மா கிடந்ததைக் கொடுத்தான். பளபளவென்று அலுமினியம். மூடியைத் திருகித் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் டப்பா. உள்ளே வரும் வாயு அப்படியே அடுத்த ஓட்டை வழியாக வெளியே போய்விடும். ஆயில் துளிக்கு நின்று இறங்க நேரமே கிடைக்காது. ஆயில் மூடுபனியைப் பிரிக்க அது எதிலாவது மோத வேண்டும்: தடுப்புத் தகடு, எஃகுக் கம்பி வலை, இல்லையென்றால் ஃபில்டர். மோதினால்தான் சின்னத் துளிகள் ஒன்றுசேர்ந்து கனத்துக் கீழே சொட்டும். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நான் வாங்கியதில் தடுப்புத் தகடும், கழுவி மறுபடி போடக்கூடிய எஃகு வலையும், அடியில் ஒரு டிரெயின் வால்வும் இருந்தன. வாய்கள் இரண்டும் 19 மி.மீ. என் பிரீதர் ஹோஸின் உள்விட்டமும் அதேதான். இது முக்கியம். குறுகலான வாயுள்ள கேனை மாட்டினால் கிராங்க்கேஸ் மூச்சுத் திணறும். உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசிய ஆரம்பிக்கும், ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் தானாகவே மேலே எழும்பும். கொஞ்சம் ஆயிலைப் பிடிக்கப்போய் பின் சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்குகிற நிலைமை யாருக்கும் வேண்டாம்.

62,100 கி.மீ.: மாட்டிய நாள்

இரண்டு மணி நேர வேலை என்று நினைத்தேன். ஐந்து மணி நேரம் ஆனது, அதில் மூன்று மணி நேரம் இடம் தேடியே போனது. டர்போவுக்கும் எக்ஸாஸ்டுக்கும் பக்கத்தில் வைத்தால் சூட்டில் ஆயில் ஆவியாகவே கடந்துவிடும். எங்கேயோ தள்ளி வைத்தால் ஹோஸ் நீளும். கடைசியில் பேட்டரிக்குப் பின்னால், உடல் தகட்டில் ஏற்கெனவே இருந்த இரண்டு எம்6 ஓட்டைகளில் பிராக்கெட்டை வைத்து 10 எம்எம் ஸ்பேனரில் முடுக்கினேன். இன்ஜினில் மாட்டவில்லை, அதன் அதிர்வில் பிராக்கெட் ஒருநாள் முறிந்துவிடும்.

இணைப்பு எளிமையானது. வால்வு கவரிலிருந்து வரும் ஹோஸ் கேனின் உள்வாய்க்கு. கேனின் வெளிவாயிலிருந்து டர்போவுக்கு முன்னால் உள்ள ஏர் குழாய்க்கு. அந்த இடத்தில் எப்போதும் உறிஞ்சல்தான், டர்போ தருகிற பூஸ்ட் அழுத்தம் வராது. அதனால் ஒருவழி வால்வு தேவைப்படவில்லை. டர்போ பெட்ரோல் வண்டி என்றால் கதை வேறு. அங்கே கிராங்க்கேஸ் வாயுவைத் திருப்பி அனுப்பும் பிசிவி ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டில் போய்ச் சேர்வதால் பூஸ்ட் ஏறும்போது திருப்பி ஊதும், ஒருவழி வால்வு வேண்டும். வெளிவாயைச் சும்மா திறந்துவிட்டு ஒரு குட்டி ஃபில்டரைச் செருகுகிறவர்களும் உண்டு. பல நாடுகளில் அது புகைச் சட்டத்துக்கு விரோதம். அது போக, கேபினுக்குள் வீசும் நாற்றத்தை யார் பொறுப்பது?

வண்டியை ஸ்டார்ட் செய்து இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். குமிழி இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

63,100 கி.மீ.

முதல் ஆயிரம் கிலோமீட்டர். வால்வைத் திறந்தால் 20 மி.லி. அளவுக்குக் காப்பி நிறத்தில் கொழகொழவென்று வந்தது. படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பினேன்.

64,300 கி.மீ.: நான் செய்த தப்பு

பானெட்டைத் திறந்ததும் ஆயில் வாடை தூக்கலாக இருந்தது. உள்வாய் ஹோஸைத் தொட்டால் குழந்தை கன்னம் மாதிரி மெத்தென்று அமுங்கியது. கிளாம்புக்குப் பக்கத்தில் ரப்பர் உப்பி, உள்சுவர் மடிந்து பாதை பாதியாகியிருந்தது. மாட்டிய அன்று கையில் கிடந்த கூலண்ட் ஹோஸை வெட்டிப் போட்டிருந்தேன். விட்டம் சரி, சூடும் தாங்கும், வேறென்ன வேண்டும் என்ற நினைப்பு. கூலண்ட் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். தண்ணீருக்கு அசையாது, ஆயில் பட்டால் ஊறிப்போகும். ஆயிலுக்கென்றே வரும் நைட்ரைல் ஹோஸோ, அதைவிட மேலான ஃப்ளூரோ ரப்பர் உள்பூச்சு கொண்டதோதான் போட வேண்டும்.

மாற்றும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஹோஸ் நடுவில் தொய்ந்து ஒரு தொட்டில் மாதிரி தொங்கியிருக்கிறது. அந்தப் பள்ளத்தில் ஒரு வாய் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. உறைபனி விழும் இடமாக இருந்திருந்தால் அது ராத்திரியில் கட்டியாகி, காலையில் இன்ஜினுக்கு மூச்சே விட வழியில்லாமல் போயிருக்கும். இந்த முறை ஹோஸைக் குட்டையாக வெட்டி, வால்வு கவரிலிருந்து கேன் வரை ஒரே இறக்கமாக அமைத்தேன். அதற்காக பிராக்கெட்டை நான்கு விரல் கீழே இறக்க வேண்டியிருந்தது.

66,000 முதல் 70,000 கி.மீ. வரை

காலியாக்கியதையெல்லாம் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைக்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, தண்ணிய புடிச்சு வச்சுக்கிட்டு பெருமையா?” என்றார். கோபம்தான் வந்தது. ஆனால் பாட்டிலை இரண்டு நாள் அசைக்காமல் வைத்ததும் அவர் சொன்னது அடுக்கடுக்காகத் தெரிந்தது. அடியில் மங்கலான தண்ணீர், நடுவில் வெளுத்த கூழ், மேலே கருப்பாக ஆயில். 45 மி.லி.யில் தண்ணீர் மட்டும் 25க்கு மேல்.

அந்த மாதம் தினமும் ஐந்து கிலோமீட்டர் போவதும் வருவதுமாகத்தான் வண்டி ஓடியது. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிட்டால் நீராவி வெளியேறாமல் குளிர்ந்து தண்ணீராகிறது. அடுத்து ஒரு நீண்ட பயணம், 1,200 கி.மீ., பாதிக்கு மேல் பாரத்தோடு. அப்போது வந்தது 15 மி.லி.தான், ஆனால் ஏறக்குறைய சுத்தமான கருப்பு ஆயில். அன்றிலிருந்து அளவைக் குறிக்கும்போதே ஓட்டிய விதத்தையும் பக்கத்தில் எழுதுகிறேன். அளவை மட்டும் வைத்து “என் கேன் உன் கேனைவிட நல்லது” என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

71,500 கி.மீ.

திடீரென்று இரட்டிப்பு. ஆயிரம் கிலோமீட்டருக்கு 40 மி.லி., அதுவும் முழுக்க ஆயில். ரிங் தேய்ந்துவிட்டதோ என்று பயந்து டிப்ஸ்டிக்கை உருவினேன். மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரலளவு. போன வாரம் ஆயில் மாற்றிய இடத்தில் கூடுதலாக ஊற்றியிருக்கிறார்கள். அடியில் ஆயில் தேங்கும் சம்பில் மட்டம் ஏறினால், சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கும், மூடுபனி கூடும். அரை லிட்டருக்கு மேல் இறக்கினேன். அடுத்த ஆயிரத்தில் பழைய கணக்குக்கே வந்துவிட்டது. மட்டம் சரியாக இருந்தும் இப்படி ஏறியிருந்தால் ரிங் தேய்ந்ததா என்று தெரிய கம்ப்ரெஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்க்கப் போயிருப்பேன்.

இப்போதைய வழக்கம்

1,500 கி.மீ.க்கு ஒருமுறை காலி செய்கிறேன். மழைக்காலத்திலும் குளிரிலும் அதற்கு முன்பே. இன்ஜின் ஆறிய பிறகுதான் வால்வைத் திறப்பேன். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் வலையைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, நன்றாகக் காயவைத்து, மூடியின் ஓ-ரிங்கில் ஒரு சொட்டு ஆயில் தடவிப் பூட்டுகிறேன். வந்த கழிவு பழைய ஆயில் டின்னுக்குள் போகும். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றுவதில்லை. அதில் எரிபொருளும் அமிலமும் கலந்திருக்கிறது.

மைலேஜ் கூடியதா, இழுவை கூடியதா என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. ஏற்கெனவே படிந்த கரியையும் இது கரைக்காது.

78,000 கி.மீ.

அதே இன்டர்கூலர் ஹோஸை மறுபடி கழற்றினேன். முதல் தடவை துடைத்து உலர்த்திய பிறகுதான் பூட்டியிருந்தேன் என்பதால் ஒப்பிட வசதி. இந்த முறை எதுவும் வழியவில்லை. உள்ளே வெள்ளைத் துணியைச் சுற்றி இழுத்தேன். பழுப்பாக ஒரு மெல்லிய பூச்சு மட்டும் ஒட்டியது. ஆக, கேன் எல்லாவற்றையும் பிடிப்பதில்லை, பெரும்பகுதியைப் பிடிக்கிறது. பிராக்கெட்டை இறக்கியதிலிருந்து டிரெயின் வால்வுக்குக் கை நுழைய மாட்டேன் என்கிறது, ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டில் சிராய்ப்பு. அடுத்த வேலை, வால்வில் ஒரு முழ நைட்ரைல் ஹோஸை மாட்டிக் கீழே இறக்கிவிடுவது.