அப்பா உயிரோடுதான் இருக்கிறார்

கலியாணத்துக்குப் பெயர் கொடுக்கப் போன அன்றைக்குத்தான் நான் பிடிபட்டேன். 2022 ஆடி மாதம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்ற காலம். நானும் நான் கட்டப்போகிறவரும் ஆளுக்கொரு சைக்கிளில் ஏ9 வீதியால் மிதித்து, வேர்த்து விறுவிறுத்து பங்குமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஞானஸ்நானப் பத்திரம், உறுதிபூசுதல் பத்திரம், திருமண ஆயத்த வகுப்புக்குப் போன சான்றிதழ் எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள். ஞானஸ்நானப் பத்திரம் பழையதாக இருந்தால் எடுபடாது, புதிதாக எடுக்க வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே எங்கேயாவது கலியாணம் கட்டியிருந்தால் அதை அந்தப் பதிவின் ஓரத்தில் எழுதியிருப்பார்கள். அதெல்லாம் சரியாகவே இருந்தது.

பிறகு பாதர் எங்களைத் தனித்தனியாக இருத்திப் படிவத்தில் உள்ள கேள்விகளைக் கேட்டார். யாராவது வற்புறுத்தினார்களா, இல்லை. பிள்ளைகளை ஏற்றுக்கொள்வீரா, ஓம். இது சாகும்வரை பிரிக்க முடியாத உறவு என்று விளங்கி, அப்படியே வாழும் எண்ணத்தோடுதான் கட்டுகிறீரா?

எனக்கு வாய் வரவில்லை. "தெரியாது பாதர்" என்றேன்.

அவர் பேனையை மூடி வைத்தார். கரண்ட் வேறு இல்லை, அறைக்குள் புழுங்கியது. திட்டுவார் என்று நினைத்தேன். "ஓம் எண்டு எழுதிப்போட்டு, சரிவராட்டி விட்டுட்டுப் போவம் எண்டு மனசுக்குள்ள தீர்மானிச்சு வச்சிருந்தா, சபைச் சட்டப்படி அது கலியாணமே இல்லை பிள்ளை. நீர் உண்மையைச் சொன்னது நல்லது. ஆனா உமக்கு வேறை ஏதோ கிடக்கு. அடுத்த கிழமை தனிய வாரும்" என்றார். வெளியில் நின்ற என்னவருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், பாதருக்கு நேரமில்லையாம் என்று ஒரு பொய்யைச் சொல்லி வீட்டுக்கு வந்தேன்.

கிடந்தது இதுதான். 2018இல் என் அம்மாவும் அப்பாவும் விவாகரத்து எடுத்தார்கள். எனக்கு அப்போது 27 வயது. இலங்கைச் சட்டத்தில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம் என்று சொல்லிப் பிரிய வழியில்லை, யாரோ ஒருவர் மேல் குற்றம் காட்டியாக வேண்டும். கள்ளத் தொடர்பு, கெட்ட நோக்கத்தோடு விட்டுப்போனது, கட்டும்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு, இந்த மூன்றில் ஒன்று. எங்கள் வீட்டு வழக்கு இரண்டாவது. முதல் தீர்ப்பு வந்து மூன்று மாதம் கழித்துத்தான் அது முற்றாகும். அந்த மூன்று மாதமும் நான் தினமும் செபமாலை சொன்னேன், தீர்ப்பு நின்றுவிடும் என்று. நிற்கவில்லை.

எல்லாரும் எனக்குச் சொன்ன ஒரே வசனம், "நீ வளந்த பிள்ளைதானே, உனக்கென்ன?" சித்தி சொன்னார், வேலை செய்த இடத்தில் சொன்னார்கள், நானும் எனக்கே சொல்லிக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளை என்றால் யாராவது மடியில் தூக்கி வைத்திருப்பார்கள். 27 வயதுக்காரியை வக்கீலுக்குக் காசு கொண்டுபோய்க் கொடுக்க அனுப்புவார்கள்.

இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்லக் கூச்சம். வேலைக்குப் போகும் பஸ் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியைத் தாண்டித்தான் போகும். 2017 மாசி 20ஆம் திகதியிலிருந்து அங்கே காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கொட்டகை போட்டு இருந்தார்கள். என் வயதுப் பிள்ளைகள் அப்பாவின் படத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். செத்துப்போன அப்பாவுக்கு ஆண்டுத் திருப்பலி கொடுக்கலாம். காணாமல் போன அப்பாவுக்காக வீதியில் இருக்கலாம். வவுனியாவில் வேறொரு வீட்டில் உயிரோடு இருந்து பின்னேரம் தேத்தண்ணி குடிக்கிற அப்பாவுக்கு நான் எந்த முகத்தோடு அழுவது? இந்த மண்ணில் அதைத் துக்கம் என்று சொல்வதே அநியாயம் போலிருந்தது. அதனால் அழவில்லை. நான்கு வருடம்.

அடுத்த கிழமை பாதரிடம் போனேன். முன்பு ஒரு செபக்கூட்டத்தில் இதைச் சொன்னதற்கு, உடனே மன்னித்துவிடு, மன்னிக்காவிட்டால் உன் கலியாணத்துக்கும் ஆசீர் வராது என்று தலையில் கைவைத்துச் செபித்து அனுப்பியிருந்தார்கள். அந்தப் பயத்தில் நான் மன்னித்துவிட்டதாக அறிவித்துக்கொண்டு திரிந்தேன், ஆனால் அப்பாவின் நம்பர் போனில் வந்தால் வயிறு பிசையும். இந்தப் பாதர் மன்னிப்பைப் பற்றி அன்றைக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. திருப்பாடல் 88ஐ வாசித்துக்கொண்டு வரச் சொன்னார், அவ்வளவுதான். வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் எப்படி அழுதாலும் கடைசியில் எங்கேயாவது ஒரு நம்பிக்கையில் போய் நிற்கும். இது இருட்டிலேயே முடிகிறது. இதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். முடிவில் ஆறுதல் சொல்லாமலும் கடவுளிடம் கதைக்கலாம் என்பது முப்பது வயதில்தான் எனக்குத் தெரியவந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் ஒவ்வொரு முறையும் "அப்பாவில் கோபம்" என்று சொல்லிப் பழகியிருந்தேன். கோபம் வருவது பாவமில்லை, அதை வைத்து என்ன செய்தீர் என்றுதான் பாதர் கேட்டார். அப்போதுதான் யோசித்தேன். அப்பாவைப் பற்றி உண்மையோடு பொய்யும் கலந்து சித்தியிடம் சொன்னது, அம்மாவின் அழுகையை வேண்டுமென்றே போனில் பதிவுசெய்து அவருக்கு அனுப்பியது, இதெல்லாம் நான் ஒருநாளும் சொல்லாத பாவங்கள். சொல்லிவிட்டு எழும்பும்போது பாரம் குறைந்த மாதிரி ஒன்றும் இல்லை, வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அது சரியான வெட்கம்.

செபம் மட்டும் போதாது என்று அவரே ஒரு சிஸ்டரிடம் அனுப்பினார், உளவளத்துணை, அதாவது கவுன்சிலிங், படித்தவர். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆட்களில் பலர் உளவளத்துணைக்குப் போவது விசுவாசக் குறைவு என்று இன்னும் நினைக்கிறார்கள், அல்லது சண்டையில் எறிகணை விழுந்து செல்லடி பட்டவர்களுக்கு மட்டும் என்று. சிஸ்டர் ஆறு தடவை என்னோடு இருந்தார். முதல் இரண்டு தடவையும் நான் அப்பாவின் குற்றப்பத்திரிகையை வாசித்தேன். கட்டாரில் இருந்தபோது காசு அனுப்பாமல் விட்டது, அம்மா நுண்கடன் எடுத்தது, கிழமைக்குக் கிழமை கடன்காரர் இந்திய உதவியில் கட்டிய வீட்டுத்திட்ட வீட்டின் படியில் வந்து குந்தியிருந்தது, அவர் திரும்பி வந்து வவுனியாவிலேயே நின்றுவிட்டது. மூன்றாம் தடவை சிஸ்டர், "அவையள் ரெண்டு பேரும் ஒண்டாச் சிரிச்சதைக் கடைசியா எப்ப பாத்தீங்கள்?" என்று கேட்டார்.

மாத்தளன், முல்லைத்தீவுக் கடற்கரை. 2009 பங்குனி, கடைசிச் சண்டை நடந்த நேரம். கடற்கரை மணலில் பங்கர் வெட்டினால் கரை இடிந்து விழும், மண்மூட்டை அடுக்க வேண்டும், சாக்கு ஒன்றும் இல்லை. எல்லாரும் சேலைகளைத்தான் வெட்டித் தைத்தார்கள். அம்மாவிடம் மிச்சமிருந்தது கூறைச்சேலை. மடித்து வைத்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டாலேயே கிழித்தார், கிழிபடும்போது சரிகை கொஞ்சம் மறித்தது, பல்லால் கடித்து அறுத்தார். கையூசியால் மூன்று பக்கமும் தைத்துக் கொடுக்க, அப்பா வாயை விரித்துப் பிடிக்க, நான் சட்டியால் மண் அள்ளிப் போட்டேன். மூட்டையைத் தோளில் தூக்கிய அப்பா, "கூறை நல்ல பாரமா இருக்க வேணும் எண்டு உங்கட அம்மா அண்டைக்குச் சண்டை பிடிச்சவ, இப்பதான் பாரம் காணும்" என்றார். அம்மா சிரித்தார். அந்த இடத்தில், அந்த நேரத்தில், இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றிரவு செல் கிட்டக் கிட்ட விழுந்தபோது அப்பா என் மேல் குப்புறப் படுத்துக் கிடந்தார்.

சிஸ்டரின் முன்னால் நான் அழுதது அந்தச் சேலைக்குத்தான். செல்லடிக்குள் பிரியாத இரண்டு பேர், கூரையும் சுவரும் உள்ள வீட்டுக்குள் வந்து பிரிந்தார்கள். அப்படியென்றால் அந்தச் சிரிப்பும் பொய்யா? வளர்ந்தபிறகு பெற்றோர் பிரிந்தால் நடக்கும் கொடுமை இதுதான் என்று நினைக்கிறேன். இனி வரப்போகும் நாட்கள் மட்டும் போவதில்லை, நடந்து முடிந்த இருபத்தைந்து வருடத்தையும் எடுத்து வைத்து எது உண்மை எது நடிப்பு என்று திரும்பச் சோதிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

இடையில் அம்மாவின் காரியம் ஒன்று நடந்தது. தீர்ப்பு வந்த நாளிலிருந்து அவர் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதில்லை. டிவோர்ஸ் எடுத்தவர்கள் வாங்கக்கூடாது என்று ஒரு உறவுக்காரி சொன்னதை நம்பி, நான்கு வருடமாக எல்லாரும் வரிசையில் எழும்பிப் போக, இவர் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டுக்கொண்டு வாங்கில் இருப்பார். பாதரிடம் இதைத் தற்செயலாகத்தான் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துவிட்டார். நீதிமன்றத்தில் பிரிந்தது மட்டும் ஒருவரையும் நற்கருணையிலிருந்து விலக்காது, சபையின் முன் பழைய கலியாணம் நிலைத்திருக்க வேறொருவரோடு கூடி வாழ்ந்தால்தான் அந்தக் கேள்வியே. அம்மாவோ தனியாகத் தையல் தைத்துக்கொண்டு இருக்கிறவர். அடுத்த ஞாயிறு அவர் எழும்பி வரிசைக்குப் போனதையும், திரும்பி வந்து, முழங்காலுக்குத் தைலம் பூசுகிற அந்த மனுஷி, பாதர் பாத்திரம் துடைத்து முடியும்வரை முழந்தாளிலேயே நின்றதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சபையின் போதனை தெரியாமல் ஒரு ஆள் நான்கு வருடம் பட்டினி கிடந்திருக்கிறார் என்பது இன்னும் எனக்குக் கோபம்தான்.

கலியாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லுபடியானதா என்று மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் விசாரிக்கக் கேட்கலாம் என்றும் பாதர் அம்மாவுக்குச் சொன்னார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் அந்த முறையைச் சுருக்கிவிட்டார், முன்போல இரண்டு தீர்ப்பு ஒத்துவர வேண்டியதில்லை. எனக்குத் திக்கென்றது. அது கலியாணமே இல்லை என்றால் நான் யார்? பாதர் சிரித்துக்கொண்டு சட்டநூலை எடுத்துக் காட்டினார், 1137ஆம் பிரிவு. செல்லாது என்று தீர்ந்தாலும், நல்லெண்ணத்தோடு சபையில் கட்டிய கலியாணத்தில் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகள்தான். அம்மா அப்படி விசாரிக்கக் கேட்க விரும்பவில்லை. "நான் மனசறிஞ்சுதான் கட்டினனான்" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

புரட்டாதியில் மடு மாதா கோயிலுக்குப் போனேன். ஆவணித் திருவிழாச் சனத்துக்குள் போக மனமில்லை, சாதாரண கிழமை நாளில் வவுனியா போய் மன்னார் பஸ் ஏறி மடுச் சந்தியில் இறங்கினேன். 2018இல் நேர்த்தி வைத்திருந்தேன், இரண்டு பேரும் சேர்ந்தால் மூவருமாக நடந்து வருவோம் என்று. நிறைவேறாத நேர்த்தியோடு மாதாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பிறகு யோசித்தேன், 2008இல் சண்டை நெருங்கினபோது இந்த மாதாவையே தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பிறகு கொண்டுவந்தார்கள், இடம்பெயர்ந்தவளுக்கு வீடு இல்லாமல் நிற்பது விளங்கும். அன்றைக்குத்தான் அவர்கள் சேர வேண்டும் என்று கேட்காமல் செபித்தேன். என்ன கேட்பதென்று தெரியாமல் சும்மாதான் இருந்தேன். பாம்பு அண்டாது என்று அம்மா வீட்டைச் சுற்றிப் போடும் மடு மண் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் வவுனியா பஸ் ஸ்ராண்டில் நின்று அப்பாவுக்குப் போன் எடுத்தேன். இருபது நிமிடத்தில் வந்தார். மெலிந்திருந்தார். ஒரு தேத்தண்ணிக் கடையில் எதிரெதிரே இருந்தோம். ரோல்ஸ் ஒன்றைப் பிய்த்துப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளினார், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். கொஞ்ச நேரம் பஸ்சைப் பற்றிக் கதைத்தார். பிறகு அவராகவே, "நீ வளரட்டும் எண்டுதான் பிரியாமல் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். எனக்கு நன்மை செய்த மாதிரிச் சொன்னார்.

"அந்த மண்மூட்டை தச்ச நாளிலையுமா அப்பா?"

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. கிளாசைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "இல்லை. அப்ப இல்லை" என்றார். பிறகு இன்னொரு முறை, "சத்தியமா அப்ப இல்லை."

மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஆனால் கிளிநொச்சி பஸ்சில் ஏறி இருந்தபோது மாத்தளனில் கேட்ட அந்தச் சிரிப்பு எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது.

இதற்குப் பிறகு எல்லாம் இனித்தது என்று நினைக்க வேண்டாம். இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரியாக இருப்பதை நிறுத்தினேன். "அந்தாளிட்டச் சொல்லு", "அம்மாவிட்டக் கேள்", ஒன்றும் இனி என் வழியாகப் போகாது. தாய் தந்தையை மதிக்க வேண்டும் என்ற கட்டளைக்குள் அவர்களுடைய வழக்கைச் சுமப்பது அடங்காது என்று சிஸ்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். அம்மா மூன்று கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஐப்பசியில் பாதர் திரும்ப அந்தப் படிவத்தை எடுத்தார். அதே கேள்வி. "ஓம் பாதர், பயத்தோட" என்றேன். பயத்துக்கு இதில இடம் விடேல்லை பிள்ளை என்று சொல்லி, ஓம் என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். என்னவருக்கு அன்றைக்கு முழுக்கதையும் சொன்னேன். பாதருக்கு நேரமில்லை என்ற பொய் அவருக்கு அன்றைக்கே தெரியுமாம்.

மார்கழிக்கு முன்னம் மூன்று ஞாயிறு பூசையில் கலியாண அறிவித்தலில் எங்கள் பெயரை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த மகள் என்று அம்மாவின் பெயரும் அப்பாவின் பெயரும் ஒரே மூச்சில் வந்தபோது, பக்கத்தில் இருந்த அம்மா செபப்புத்தகத்தின் ஒரு தாளைத் திருப்பினார், பிறகு திரும்பவும் அதே தாளுக்கே வந்தார்.

2023 தையில் கலியாணம். அப்பா தனியாக வந்தார், கடைசி வாங்கில் இருந்தார். பீடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது மாமா. முடிந்து வெளியில் வந்ததும் படம் எடுக்கிற பெடியன் விபரம் தெரியாமல், "பொம்பிளையின்ர அம்மா அப்பா வாங்கோ" என்று கூப்பிட்டுவிட்டான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அம்மா வந்து என் இடப்பக்கம் நின்றார். அப்பா செருப்பைத் தேடுவது போலக் கொஞ்ச நேரம் மினக்கெட்டு, வந்து வலப்பக்கம் நின்றார். பெடியன் கிட்ட வரச் சொல்லிக் கையைக் காட்டினான், ஒருவரும் அசையவில்லை, எடுத்துவிட்டான். அந்தப் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. அலுமாரிக்குள், மடு மண் பொட்டலத்தோடு இருக்கிறது.