பிடிஎம்பி கோப்பை நீக்கிவிட்டு நான் பட்ட பாடு

லினக்ஸ் சர்வரில் பதிவுக் கோப்புகள் இருக்கும் வார் (/var) பகுதி நிரம்பிவிட்டது. தேடிப் பார்த்தால் /வார்/லாக் அடியில் பிடிஎம்பி (btmp) என்ற ஒரே கோப்பு பல ஜிபி. தோற்றுப்போன லாகின் முயற்சிகள் பதிவாகும் இடம் அது. அதைப் படித்துக் காட்டும் 'லாஸ்ட்பி' கட்டளையைப் போட்டால் ரூட், அட்மின், டெஸ்ட் என்று பயனர் பெயர்களோடு வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. இருந்த பதற்றத்தில் ஆர்எம் கட்டளை போட்டு நீக்கிவிட்டேன். எல்லாமே புதிதாகத் தொடங்கட்டும் என்று வெற்றிகரமான லாகின்கள் பதிவாகும் டபிள்யூடிஎம்பியையும் (wtmp) சேர்த்து நீக்கினேன். நகல்கூட எடுக்கவில்லை.

உடனே டபிள்யூடிஎம்பியைப் படிக்கும் 'லாஸ்ட்' கட்டளை, கோப்பே இல்லை என்றது. இந்தக் கோப்புகள் இல்லையென்றால் லாகின் நிரல்கள் தாமாக உருவாக்கிக்கொள்வதில்லை. பதிவு அப்படியே நின்றுவிடும். சரி என்று 'டச்' கட்டளையால் இரண்டு வெற்றுக் கோப்புகளை வைத்தேன். 'லாஸ்ட்' பேசியது, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

நான்கு நாள் கழித்து 'லாஸ்ட்பி' பார்த்தால் ஒரு வரிகூட இல்லை. அந்த வாரம்தான் ஃபயர்வாலில் சில விதிகள் சேர்த்திருந்தேன். தாக்குதல் நின்றுவிட்டது என்று மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். அப்புறம் வேறு எதையோ தேடி, லாகின் செய்திகள் உரையாகப் பதிவாகும் ஆத்.லாக் கோப்பைத் திறந்தபோது வயிற்றைக் கலக்கியது. தோற்ற முயற்சிகள் ஆயிரக்கணக்கில், முன்பு போலவே. இடையிடையே, தொலைவிலிருந்து வரும் லாகின்களைக் கையாளும் எஸ்எஸ்எச்டி நிரலின் இன்னொரு வரி: பிடிஎம்பி கோப்பில் அனுமதி அளவுக்கு மீறி இருக்கிறது, அல்லது உரிமையாளர் சரியில்லை.

ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கில்) இருந்து 'டச்' செய்தால் வழக்கமாக 644 என்ற அனுமதியோடுதான் கோப்பு பிறக்கும், அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அவசரத்தில் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது அப்படியே பிடிஎம்பியில் போய் உட்காரும். அதனால் மற்றவர்கள் படிக்க முடிகிற கோப்பில் ஓப்பன்எஸ்எஸ்எச் (எஸ்எஸ்எச்டி இதன் பகுதிதான்) எழுத மறுக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. ரூட் மட்டும் படிக்கிற மாதிரி 600 வையுங்கள், அல்லது யூடிஎம்பி என்ற பயனர் குழுவும் படிக்கிற மாதிரி 660. டபிள்யூடிஎம்பிக்கு 664, குழு அதே யூடிஎம்பி.

டபிள்யூடிஎம்பியை இழந்த வலி அடுத்த மாதம் வந்தது. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று தணிக்கையில் கேட்டார்கள். ஆத்.லாகில் 'அக்செப்டட்' (ஏற்கப்பட்டது) என்ற வரிகளைப் பொறுக்கிப் பட்டியல் போட அரை நாள் போனது.

இப்போது கோப்பை நீக்குவதே இல்லை. முதலில் நகல், பிறகு 'ட்ரங்கேட்' கட்டளையில் அளவு 0. உரிமையாளரும் அனுமதியும் மாறாமல் இருக்கும். ரூட் அதிகாரம் தரும் சுடோ போட்டு '>' குறியால் காலி செய்யப் பார்த்தால் அனுமதி இல்லை என்று வரும்; அந்தக் குறியைக் கையாள்வது நீங்கள் கட்டளை தட்டும் ஷெல், சுடோ அல்ல.

பழையதைக் கொஞ்சம் மிச்சம் வைக்க நினைத்தால், கோப்பின் கடைசிப் பகுதியை எடுக்கும் 'டெயில்' கட்டளையில் வரிக் கணக்குக் கொடுக்காதீர்கள். இவை உரைக் கோப்புகள் அல்ல. 64 பிட் இன்டெல் லினக்ஸில் ஒரு பதிவு 384 பைட். அதன் மடங்கில் வெட்டாவிட்டால் 'லாஸ்ட்' குப்பையைக் காட்டும். நான் நகலில் சோதித்ததால் தப்பித்தேன்.

பழைய பதிவை ஒதுக்கிவிட்டுப் புதுக் கோப்பு தொடங்கும் லாக்ரொடேட் நிரலில் பிடிஎம்பி மாதம் ஒருமுறைதான் சுழன்றுகொண்டிருந்தது. 100 எம்பியைத் தாண்டினால் மாதம் முடியும் முன்பே சுழலும்படி மேக்ஸ்சைஸ் 100எம் சேர்த்தேன். கடைசியாக, வேண்டுமென்றே ஒருமுறை தவறான கடவுச்சொல் கொடுத்துவிட்டு 'லாஸ்ட்பி' பார்த்தேன். முதல் வரியில் என் பெயர். அப்போதுதான் மூச்சு வந்தது.