தெருநாய்க்காக ஒரு எஃப்.ஐ.ஆர்.

எங்கள் தெருவில் வளரும் மணி என்ற நாயின் பின்னங்காலை ஒருவர் இரும்புக் குழாயால் அடித்து உடைத்தார். அவர் பைக்கைப் பார்த்துக் குரைத்ததுதான் அது செய்த குற்றம். எதிர்வீட்டு அக்காவின் சிசிடிவியில் எல்லாம் பதிவாகியிருந்தது. அதை வைத்துப் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். வாங்கி, இறுதி அறிக்கை வரை கொண்டு வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவலாம்.

புகாருக்கு ஓடுவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை முடித்துவிட வேண்டும். ஒன்று, வீடியோ. சிசிடிவி பதிவாகும் டிவிஆர் பெட்டி சில நாட்களிலேயே பழைய பதிவை அழித்துவிட்டு அதன்மேல் புதியதை எழுதிவிடும். அன்றைக்கே பென்டிரைவில் எடுத்துக்கொண்டோம். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும். அதில் ஹாஷ் வேல்யூவும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) வரும். அக்கா கையெழுத்துப் போடத் தயங்கவில்லை. தெருவில் தினமும் மணிக்குச் சோறு வைக்கிற இன்னும் சிலர் "நமக்கு எதுக்குப்பா கோர்ட்டு" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதையும் எதிர்பார்த்துத்தான் போக வேண்டும்.

இன்னொன்று, மருத்துவச் சான்று. சிகிச்சை பார்த்தது தனியார் கிளினிக்கில்தான். ஆனால் வழக்கு என்று வந்தால் அரசு கால்நடை மருத்துவர் எழுதித் தருவதற்குத் தனி மதிப்பு. எக்ஸ்ரேயோடு போனோம். டாக்டர் முதலில் "பின்னங்கால் எலும்பு முறிவு" என்று மட்டும் எழுதினார். அந்தக் கால் இனித் தரையில் ஊன்றாது என்பது அவருக்கே தெரியும், வாயாலும் சொன்னார். "அதையே எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டோம். "நிரந்தர ஊனம்" என்று சேர்த்துக் கொடுத்தார். அந்த இரண்டு வார்த்தை இல்லாவிட்டால் பிரிவே மாறிப்போயிருக்கும்.

காவல் நிலையத்தில் ரைட்டர் மனுவைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "நாய் யாரோடதும்மா?"

"தெரு நாய்தான் சார்."

"அப்போ நஷ்டம் யாருக்கு?"

கூட வந்திருந்த தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் அன்று இரவு உட்கார்ந்து சட்டத்தைப் படித்தபோது, ரைட்டர் கேட்டதில் தப்பே இல்லை என்று தெரிந்தது.

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அடிப்பது, உதைப்பது, சித்திரவதை செய்வது எல்லாம் 11(1)(அ) பிரிவில் குற்றம். யாருடைய விலங்கு என்ற கேள்வி அங்கே இல்லை. ஆனால் முதல் முறை செய்தவருக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அது மட்டும் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவும் முடியாது. இதை மாற்ற ஒன்றிய அரசு 2022இல் ஒரு வரைவுத் திருத்தத்தை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. நான் மனு எழுதும்போதும் அபராதம் அதே 50 ரூபாய்தான்.

கொஞ்சம் கனமான பிரிவு என்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325. விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது, பயனற்றதாக்குவது: ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 428, 429 என்று இருந்ததைச் சேர்த்து 2024 ஜூலை 1 முதல் ஒரே பிரிவாக்கிவிட்டார்கள். பழையதில் "பத்து ரூபாய் மதிப்புள்ள விலங்கு", "ஐம்பது ரூபாய் மதிப்புள்ள விலங்கு" என்று விலை வேறு இருந்தது. அந்த விலை போய்விட்டது, நல்லது. ஆனால் பிரிவு உட்கார்ந்திருக்கும் இடம் மாறவில்லை. அது சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றங்களின் வரிசையில் இருக்கிறது. ஒருவருக்கோ பொதுமக்களுக்கோ நஷ்டம் உண்டாக்கும் எண்ணத்தோடு, அல்லது உண்டாகும் என்று தெரிந்தே, ஒரு சொத்தைச் சேதப்படுத்தினால்தான் அந்த வகைக் குற்றம். மணிக்கு வலித்ததா என்று அந்தப் பிரிவு எங்கேயும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் அக்காவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நாய் காதுல வெட்டு இருக்கா?"

இருந்தது. காது நுனியில் சின்ன முக்கோணமாக, வளைந்த கத்தரியால் நறுக்கியது மாதிரி. நகராட்சி பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, அதே தெருவில் கொண்டுவந்து விட்டதற்கான அடையாளம் அது. "அது பொதுப் பணம். 2023ஆம் வருஷத்து விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள்படி அது இந்தத் தெருவோட நாய். நஷ்டம் பொதுமக்களுக்குன்னு எழுது" என்றார். எழுதினேன். காதைத் தனியாகப் போட்டோ எடுத்து மனுவோடு இணைத்தேன். கால் உடைந்ததைப் பற்றிய மனுவில் காதின் படம்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்காக அந்த வாதத்தை விட்டுவிடவும் மனமில்லை.

நான் முதலில் மனுவோடு வைக்க நினைத்தது 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டு வழக்கில் சொன்ன தீர்ப்பை. பசி, தாகம், வலி, பயம் இல்லாமல் இருப்பது, இயல்பாக நடந்துகொள்வது என விலங்குகளுக்கு ஐந்து சுதந்திரங்கள் உண்டு என்றும், அவற்றை மிருகவதைச் சட்டத்தின் 3, 11ஆம் பிரிவுகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க மனசு நிறையும். வழக்கறிஞர் அக்கா வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். "2023 மே மாசம் அஞ்சு நீதிபதிங்க நம்ம ஊர் ஜல்லிக்கட்டுத் திருத்தச் சட்டம் செல்லும்னுட்டாங்க. விலங்குக்கு அடிப்படை உரிமை உண்டுன்னு சொல்ற அளவுக்குப் போகவும் மாட்டோம்னுட்டாங்க. அதுவுமில்லாம, ஸ்டேஷன்ல ஜல்லிக்கட்டு தீர்ப்பை நீட்டினா உன்னை எந்தக் கட்சில சேர்ப்பாங்கன்னு யோசி." உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018இல் விலங்குலகம் முழுவதையுமே சட்டப்படி ஆளாக அறிவித்ததே என்றேன். "அங்க போய்க் கேஸ் போடுறியா?" என்றார். அதோடு விட்டேன்.

இரண்டாவது முறை கொடுத்த மனுவில் 325, 11(1)(அ) இரண்டும் இருந்தன. இரண்டையும் சேர்த்து எழுதுவது முக்கியம். இரண்டில் ஒன்று (இங்கே 325) பிடியாணையில்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால் மற்றதையும் போலீஸே சேர்த்து விசாரிக்கலாம். முதலில் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுக்குக் குறையாமல், ஏழுக்குக் கீழே தண்டனை உள்ள குற்றங்களில் டிஎஸ்பி அனுமதியோடு 14 நாள் ஆரம்ப விசாரணை நடத்தப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் கொடுக்கிறது. 325 அதற்குள் வந்துவிடும். அந்தக் கெடு தாண்டியும் பேச்சில்லை. அப்புறம் அதே சட்டத்தின் 173(4) பிரிவைச் சொல்லி எஸ்பிக்குத் தபால் அனுப்பினேன். சில நாளில் நிலையத்திலிருந்தே போன் வந்தது.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புகார்தாரர் என்று என் பெயர். பாதிக்கப்பட்டவர் என்று மணியைப் போட வழியில்லை, ஏனென்றால் சட்டத்தின் விளக்கப்படி பாதிக்கப்பட்டவர் ஒரு நபராக இருக்க வேண்டும். விவரத்தில் "செம்பழுப்பு நிற ஆண் நாய்" என்று இருந்தது. ரைட்டர் பக்கத்திலேயே அடைப்புக்குறியில் "மணி" என்று சேர்த்திருந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தது.

அடுத்து வந்தது சமாதானப் படலம். அடித்தவரின் மாமா வீட்டுக்கு வந்து, வைத்தியச் செலவைக் கொடுத்துவிடுகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்றார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அவர் பேரனை வேறொரு நாய் கடித்த கதையையும் சொன்னார். அந்தப் பயம் நியாயமானது, அதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனால் முடித்துவைக்க எனக்கு அதிகாரமே இல்லை. 325ஐச் சமரசம் செய்துகொள்ளலாம்தான். அதைச் செய்யக்கூடியவர் விலங்கின் உரிமையாளர் மட்டுமே என்று நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. மணிக்குத்தான் உரிமையாளர் இல்லையே. இதை அவரிடம் சொன்னபோது, "அப்ப யார்கிட்டதான்மா பேசுறது?" என்று கேட்டார். வழக்கறிஞர் அக்காவின் நம்பரைக் கொடுத்தேன்.

325 ஜாமீனில் விடக்கூடிய பிரிவு. அதனால் அடித்தவர் வெளியில்தான் இருக்கிறார், அதே தெரு வழியாகத்தான் போகிறார். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அதைக் குறிப்பிட்டு ஒரு மனு கொடுத்த பிறகுதான் இறுதி அறிக்கை தாக்கல் ஆன விவரம் கிடைத்தது. இப்போது வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில். எனக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் சாட்சி சம்மன் வர வேண்டும். டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார், அவர் புது முகவரியை நிலையத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன்.