தம்பியின் பதக்கத்துக்காக அலைந்த கதை

ராணுவத்தில் இருந்து சண்டையில் இறந்த தம்பிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு நான் செய்த முதல் வேலையே தப்பு. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை வரிசையில் நின்று, "என் தம்பிக்கு அசோக சக்ரா பதக்கம் வழங்க ஆவன செய்ய வேண்டும்" என்று மனு கொடுத்தேன். ஊர் மொத்தமும் அதைத்தான் சொன்னது. ரசீதும் கொடுத்தார்கள். அந்த ரசீதை ஒரு வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. இது 2018-ல்.

எங்கள் தெருவில் ராணுவத்தில் சுபேதாராக (இளநிலை அதிகாரி) இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். ரசீதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மெடலுக்கு வீட்டாளு மனுப் போட முடியாதுப்பா. பட்டாலியன் சி.ஓ., அதான் கமாண்டிங் ஆபீசர், எழுதணும். கூட நின்னவங்க சாட்சி சொல்லணும். எழுதினாரா இல்லையான்னு நீ கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டாங்க."

உண்மையும் அதுதான். பட்டாலியனில் எழுதும் 'சைட்டேஷன்' (என்ன வீரம் காட்டினார் என்ற குறிப்பு) பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என்று படிப்படியாக ஏறி, ராணுவத் தலைமையகம் வழியாகப் பாதுகாப்பு அமைச்சகத்துக்குப் போகிறது. ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்த பிறகுதான் வெளியே தெரியும். வழியில் எந்தப் படியிலும் ஒரு சக்ரா அதற்குக் கீழான சேனா மெடலாக இறங்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ரெக்கார்டில் 'பேட்டில் கேஷுவால்டி' (சண்டையில் பாதிக்கப்பட்டவர்) என்று பதிவது வேறு, பதக்கம் வேறு. முன்னது இருந்தால் பின்னது தானாக வரும் என்று நாங்கள் நினைத்தோம். வராது.

எந்தப் பதக்கம் என்பதையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எதிரி நாட்டுப் படைக்கு முன்னால் காட்டிய வீரம் என்றால் பரம்வீர், மகாவீர், வீர் சக்ரா வரிசை. மற்றபடி, தீவிரவாதிகளோடு நடக்கும் சண்டை போன்றவற்றுக்கு அசோக, கீர்த்தி, சௌர்ய சக்ரா. அதனால்தான் 2014-ல் காஷ்மீரின் ஷோபியானில் தீவிரவாதிகளோடு சண்டையிட்டு இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ரா. பின்னால் 2020-ல் கல்வானில் சீனப் படையோடு மோதி இறந்த எங்கள் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா.

சுபேதார் இன்னொன்றும் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் மிலிட்டரி கிராஸ் மாதிரியான பதக்கங்களை இறந்தவருக்குக் கொடுக்கும் வழக்கமே இல்லையாம். உயிரோடு திரும்பி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்களின் மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா கிராஸே 1902 வாக்கில்தான் இறந்தவர்களுக்கு வர ஆரம்பித்தது. நம் ஆட்கள் 1950 ஜனவரி 26-ல் பரம்வீர் சக்ரா வரிசையை ஏற்படுத்தும்போதே, மறைவுக்குப் பிறகும் தரலாம் என்று விதியில் வைத்துவிட்டார்கள். இதுவரை 21 பரம்வீர் சக்ராக்களில் 14 அப்படி வந்தவை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. எனக்கு அந்தப் பதினாலு வீடுகள்தான் கண்ணில் வந்தன.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் 14 சாயங்காலம் யூனிட்டிலிருந்து போன். சேனா மெடல், கேலன்ட்ரி (வீரத்துக்கானது), மறைவுக்குப் பின். அம்மாவுக்கு, 'அசோக சக்ரா இல்லை' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கல். யார் கையில் வாங்குவது? கல்யாணம் ஆனவர் என்றால் ரெக்கார்டில் நெக்ஸ்ட் ஆஃப் கின் (நெருங்கிய உறவு) மனைவிதான். அவர் கையில்தான் கொடுப்பார்கள். "பத்து மாசம் சுமந்தவ நான், ரெண்டு வருஷம் குடும்பம் நடத்தினவ அவளா?" என்று அம்மா கேட்டது. தம்பி மனைவி ஒன்றும் பேசவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டாள். யூனிட் சுபேதார் மேஜரிடம் கேட்டதற்கு, "ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க, மேடைக்குச் சேர்ந்தே போகட்டும்" என்றார். அப்படித்தான் நடந்தது.

2020 ஜனவரி 15, டெல்லி கரியப்பா மைதானம். (ராணுவ தின அணிவகுப்பு அப்போது டெல்லியில்தான், 2023-லிருந்து வேறு வேறு ஊர்களில் நடத்துகிறார்கள்.) யூனிட்டிலிருந்து ஒரு ஹவில்தாரைத் துணைக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மா புடவைக்கு மேல் என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நடுங்கியது. சைட்டேஷனை வாசித்தபோதுதான் தம்பி என்ன செய்தான் என்பதே எங்களுக்கு முழுசாகத் தெரிந்தது. இந்தியில் வாசித்தார்கள், ஹவில்தார் காதோரம் தமிழில் சொன்னார். காயம்பட்ட இன்னொருவனை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பப் போயிருக்கிறான். ஏன் திரும்பப் போனான் என்று அம்மா அவரையே கேட்டது. வட்டமான வெள்ளிப் பதக்கம், சிவப்பு ரிப்பன், நடுவில் மெல்லிய வெள்ளைக்கோடு. தம்பி மனைவி வாங்கி, இறங்கும்போதே அதை அம்மா கையில் கொடுத்துவிட்டாள்.

இனிப் பணம். சேனா மெடல் கேலன்ட்ரிக்கு மாதம் 2,000 ரூபாய் படி. பரம்வீர் சக்ராவுக்கு 20,000, அசோக சக்ராவுக்கு 12,000. 2017 ஆகஸ்டிலிருந்து இந்த விகிதம். எங்கள் காகிதம் ஒரு அலுவலகத்தில் ஏழு மாதம் தூங்கியது. காரணம் ஒரே ஒரு சொல். சேனா மெடலில் இரண்டு வகை உண்டு: வீரத்துக்கு ஒன்று, கடமைச் சிறப்புக்கு ஒன்று. படி முதலாவதற்குத்தான். நாங்கள் வைத்த விண்ணப்பத்தில் வெறும் 'சேனா மெடல்' என்று இருந்தது. பதக்க அறிவிப்பு வந்த அரசிதழ் நகலை முதலிலேயே இணைத்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை. உங்களுக்கு இந்த நிலை வந்தால் (வரவேண்டாம்) அரசிதழ் நகல் ஐந்து எடுத்து வையுங்கள். தம்பி கல்யாணம் குலதெய்வக் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. அதற்கு ஒரு மாதம் தனியாகப் போனது. ஆதாரில் ஒரு இனிஷியல், ரெக்கார்டில் வேறு இனிஷியல், அதற்கு இன்னொரு மாதம். கடைசியில் நிலுவையோடு வந்தது.

2021-ல் தம்பி மனைவிக்கு மறுமணப் பேச்சு வந்தது. அவளுக்கு அப்போது வயது 26. நான்தான் பேசினேன். அவள் கேட்ட ஒரே கேள்வி: "மெடல் பணம் நின்னுடுமா மாமா?" பணத்துக்காகக் கேட்கவில்லை. அது நின்றால் அவன் பேரில் வரும் கடைசிக் காகிதமும் நின்றுவிடும் என்று அவளுக்கு. பழைய விதி அப்படித்தான் இருந்தது: விதவை மறுமணம் செய்தால் படி நிற்கும், இறந்தவரின் அண்ணன் தம்பியையே கட்டிக்கொண்டால் மட்டும் தொடரும். இதைப் படித்தபோது எனக்குக் கூசியது. 2017 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. இப்போது யாரைக் கட்டினாலும் அந்தப் பெண் உயிரோடு இருக்கும்வரை படி வரும். உத்தரவை அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். நம்பாமல் இரண்டு தடவை படித்தாள். குடும்ப ஓய்வூதியத்துக்கு விதி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் அதை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தனியாகக் கேளுங்கள்.

கல்யாணத்துக்கு அம்மா வரவில்லை. ஆனால் பெட்டியைத் திறந்து, பதக்கத்தை எடுத்துக்கொண்டு போ என்றது. அது இங்கேயே இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

போன நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வந்திருந்தாள். அவள் கணவர் பைக்கில் கூட்டி வந்தார். கைரேகை இரண்டு தடவை பதியவில்லை. அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டு விரலைத் துடைத்துவிட்ட பிறகு பதிந்தது.