முதல் முறை ஐஸில் இறங்கப் போகிறீர்களா? ரிங்க், நேரம், பூட்

குளிர்காலத்தில் நியூயார்க் போகிற பலருக்கு முதல் ஸ்கேட்டிங்கே ராக்கஃபெல்லர் சென்டரில்தான் என்று ஓர் ஆசை. 1936-லிருந்து இருக்கும் ரிங்க் (சறுக்குவதற்கான ஐஸ் தளம்), மேலே கிறிஸ்துமஸ் மரம், படம் நன்றாக வரும். ஆனால் பழகுவதற்கு ஏற்ற இடம் அதுவல்ல. முழு அளவு ஐஸ் ஹாக்கி ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம் இருக்கும். ராக்கஃபெல்லர் ரிங்க் பரப்பில் அதில் பாதிகூட இல்லை. தடுமாறி ஒதுங்க இடம் கிடைக்காது. அந்த ஊரிலேயே பிள்ளைகள் பயிற்சிக்கு வரும் உள்ளரங்க ரிங்க் ஒன்றில், வேலை நாள் காலையில் ஒரு மணி நேரம் பழகிக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற ரிங்க்கை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

'அனுமதி இலவசம்' என்று பார்த்ததும் மகிழ வேண்டாம். நியூயார்க் பிரையன்ட் பார்க்கில் சொந்த ஸ்கேட்ஸ் (அடியில் பிளேடு பொருத்திய பூட்) கொண்டுவருகிறவர்களுக்குத்தான் அது பொருந்தும். பயணத்தில் யார் ஸ்கேட்ஸ் சுமக்கிறார்கள்? வாடகை, பையை வைக்கும் லாக்கர், சில இடங்களில் அந்த லாக்கருக்கான பூட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

கனடாவில், ஒட்டாவாவின் ரிடோ கால்வாய் வேறு வகை. 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு இயற்கையாக உறையும் ஐஸ். ஏறத்தாழ 30 செ.மீ. கெட்டியான பிறகுதான் திறப்பார்கள். 2022-23 குளிர்காலத்தில் திறக்கவே முடியாமல் போனது. அதனால் அதை மட்டும் நம்பி விமான டிக்கெட் எடுக்காதீர்கள். இயற்கை ஐஸில் விரிசல்கள் இருக்கும். விரிசல் போகும் திசையிலேயே நீங்களும் போனால் பிளேடு உள்ளே மாட்டிக்கொள்ளும். குறுக்காகக் கடந்துவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஐஸைச் சீர்செய்யும் வண்டி (பலரும் ஜம்போனி என்பது இதைத்தான்) எப்போது ஓடும் என்பதே கணக்கு. அது மேற்பரப்பை மெல்லியதாகச் சீவி எடுத்துவிட்டு, சூடான நீரைப் படலமாக விட்டுச் செல்லும். அந்த நீர் உறைந்ததும் கிடைப்பதுதான் நல்ல ஐஸ். நிறைய பேர் ஓடி முடித்த ஐஸில் துருவலும் பள்ளமும் சேர்ந்து, கற்றுக்கொள்கிறவரின் பிளேடை இழுக்கும். ஆகவே வண்டி போன பிறகு தொடங்கும் முதல் வேளைக்கு டிக்கெட் எடுங்கள். பார்க்க ஈரமாக இருந்தால் சில நிமிடம் பொறுத்து இறங்குங்கள். திறந்தவெளியில் வெயில் நேராக அடிக்கும் மதியத்தில், அடியில் குளிர்விக்கும் குழாய்கள் ஓடினாலும் மேலே இளகித் தண்ணீர் நிற்கும். அன்று விழுந்தால் கால்சட்டை நனையும், பிறகு நாளெல்லாம் குளிரும். ஜீன்ஸ் கூடவே கூடாது.

இனி பூட். முதல் நாள் தடுமாற்றத்தில் பெரும்பங்கு இதனால்தான். பயத்தின் மீது பழிபோட வேண்டாம். வழக்கமான ஷூ அளவைச் சொல்லி வாங்குங்கள். குதிகால் உள்ளே மேலெழும்பினால் அரை அளவு குறைத்துக் கேளுங்கள். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி சாக்ஸ் போடுவது பெரிய தவறு. கால் உள்ளே நழுவும், உரசிக் கொப்புளமும் வரும். முழங்கால் வரை வரும் மெல்லிய சாக்ஸ் ஒரு ஜோடி போதும். பிளேடு மழுங்கியதா என்று பார்க்க, நகத்தை மெதுவாக விளிம்பின் குறுக்கே இழுங்கள். நகம் லேசாகச் சீவப்பட்டால் சரி, வழுக்கிப் போனால் வேறு ஜோடி கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

லேஸ் கட்டும் முன் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் அழுத்தி உட்கார வையுங்கள். விரல் பகுதியில் தளர்வாக, பாதத்தின் மேற்பகுதியிலும் கணுக்கால் வளைவிலும் நன்கு இறுக்கமாக, உச்சியில் மறுபடி கொஞ்சம் தளர்வாகக் கட்ட வேண்டும். உச்சியில் பின்பக்கம் ஒரு விரல் நுழைந்தால் முழங்கால் மடங்கும். மேலேயும் இறுக்கிவிட்டால் கால் மரக்கட்டைபோல விறைத்து, உடம்பு பின்னால் சாயும். ரப்பர் விரிப்பைத் தாண்டி நடக்காதீர்கள், சிமென்ட் தரை விளிம்பைக் கெடுத்துவிடும்.

ஃபிகர் ஸ்கேட்டிங் (ஐஸில் நடனம்போல ஆடும் வகை) பூட்டில் பிளேடின் முன்முனையில் பற்கள் உண்டு. அவை தாவவும் சுழலவும் பயன்படுபவை. தள்ளுவதற்கு அவற்றைப் பயன்படுத்தினால் முகம்குப்புற விழுவீர்கள். ஹாக்கி பூட்டில் பற்கள் இல்லை, பிளேடின் பின்முனையும் வளைந்திருக்கும். அதில் பின்னால் சாய்வதுதான் ஆபத்து. எதுவானாலும் முழங்காலை மடக்கி, கைகளை இடுப்பு உயரத்தில் முன்னே வைத்து, கால்விரல்களைச் சற்று வெளியே திருப்பிச் சிறு அடியாக நடக்கத் தொடங்குங்கள். பத்தடி நடந்தால் தானே வழுக்கும். பிறகு ஒரு காலால் பக்கவாட்டில் தள்ளி, மற்றதில் எடையை ஏற்றுங்கள்.

சுவரைப் பிடித்தே சுற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. எடை கைக்குப் போய்விடுவதால் கால் எதையும் கற்பதில்லை. சுவருக்கு ஓர் எட்டு தள்ளியே போங்கள்.

ஓட்டத்தை நிறுத்த, கால்களை அகட்டி, குதிகால்களை வெளியே தள்ளி உள்விளிம்பால் ஐஸைச் சுரண்டுங்கள். விழப்போவது தெரிந்தால் குனிந்து, பக்கவாட்டில் இடுப்பும் தொடையும் படும்படி விழுங்கள். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு முறியலாம். விழுந்ததும் விரல்களை மூடிக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறவரின் பிளேடு அருகே இருக்கும். கையுறை இதற்காகவும்தான். எழும்போது மண்டியிட்டு, ஒரு பிளேடை முன்னே ஊன்றி, இரு கைகளையும் அந்த முழங்கால்மேல் அழுத்தி எழுங்கள்.

முக்கால் மணி நேரத்தில் கணுக்கால் உள்பக்கம் சாயத் தொடங்கினால் வெளியே வந்து லேஸை அவிழ்த்து மறுபடி இறுக்குங்கள். அதற்குப் பிறகும் சாய்ந்தால் தசை களைத்துவிட்டது, அன்றைக்கு அவ்வளவுதான்.