இரண்டு வருடத்துக்கு வந்து போகிறவர்கள்

2017-இல் மகனோடு ஹிரோஷிமா போயிருந்தேன். அமைதிப் பூங்காவைப் பார்த்த மறுநாள், ஹிஜியாமா குன்றுக்குக் கூட்டிப் போ என்றேன். "அங்கே என்னம்மா இருக்கு?" என்றான். அணுகுண்டில் தப்பியவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பரிசோதித்த ஆய்வு நிலையம் அங்கே. பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்த மாதிரிக் கூரை போட்ட பழைய கட்டடங்கள், அவ்வளவுதான். ஆனால் இருபத்திரண்டு வருடம், அதே ஆட்களை விடாமல் தொடர்ந்து கவனிக்கும் ஒரு தொடர் ஆய்வில் ஃபீல்டு சூப்பர்வைசராக இருந்தவளுக்கு அது கோயில் மாதிரி.

எங்கள் ஆய்வில் நான்கு தலைமை டாக்டர்கள் மாறினார்கள். வந்த ஒவ்வொருவரும் முதலில் செய்தது படிவத்தை மாற்றியதுதான். அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், "மறுபடியும் மொதல்லேர்ந்தா?" என்று பேச்சு வாங்கியது நாங்கள்.

ஹிஜியாமாவிலும் இதே கதைதான். 1946-இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவில் தொடங்கிய அணுகுண்டு பாதிப்பு ஆணையம், ஏ.பி.சி.சி. பணம் அமெரிக்க அணுசக்தி ஆணையத்துடையது, நிர்வாகம் வாஷிங்டனில் இருந்த தேசிய அறிவியல் கழகத்துடையது. டாக்டர்கள் பெரும்பாலும் இரண்டு வருடக் கணக்கில் வந்தார்கள். கட்டாய ராணுவ சேவைக்குப் பதிலாக வந்தவர்களும் உண்டு. பாஷை தெரியாது, ஊர் தெரியாது. கொஞ்சம் பிடிபடும்போது ஊருக்குக் கிளம்பும் நாள் வந்துவிடும். 1948-லிருந்து 1957-க்குள் நான்கு இயக்குநர்கள். ஒரு கட்டத்தில், இழுத்து மூடிவிடலாமா என்கிற வரைக்கும் பேச்சு போனது.

நடுவில் உருப்படியாக நடந்த ஒன்று ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்க டாக்டரின் மரபியல் ஆய்வு, அதாவது கதிர்வீச்சு பிறக்கும் குழந்தைகளைப் பாதிக்கிறதா என்று பார்ப்பது. அப்போது ரேஷன் காலம். ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் ரேஷன் உண்டு. அதற்குப் பதிய வருகிறவர்களை அங்கேயே ஆய்விலும் பதிந்துகொண்டார்கள். 1948 முதல் 1954 வரை எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் கணக்கில் வந்தன. ஃபீல்டு தெரிந்தவர்கள் போட்ட திட்டம் அது என்பேன்.

1955-இல் தாமஸ் ஃபிரான்சிஸ் தலைமையில் மூன்று பேர் குழு வந்தது. அந்த வருடம்தான் சால்க் போலியோ தடுப்பூசி வேலை செய்கிறது என்று அறிவித்தவர் அவர். ஆட்களைத் திட்டிவிட்டுப் போகாமல், யார் வந்தாலும் போனாலும் ஆய்வு நிலைத்து நடக்கிற மாதிரி வழி சொன்னார். 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குண்டுக்குத் தப்பி உயிர் பிழைத்தவர்கள் யார் என்று தனியாகவே கேட்டிருந்தார்கள். அதிலிருந்து ஒரு நிலையான பெயர்ப் பட்டியல். ஒப்பிட்டுப் பார்க்க, குண்டு விழுந்த நேரத்தில் ஊரில் இல்லாதவர்கள். இந்தப் பட்டியல் பின்னால் 1,20,000 பேராக வளர்ந்தது. ஜப்பானில் 'கோசெகி' என்று குடும்பப் பதிவேடு உண்டு. நாட்டில் எந்த மூலைக்குக் குடி போனாலும் சாவு அதில் ஏறிவிடும். எங்களுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால்! பூட்டிய வீட்டின் முன்னால் நின்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் "எங்கே போனாங்க?" என்று கேட்டே எனக்குப் பாதி வயது போனது.

1957-இல் ஜார்ஜ் டார்லிங் இயக்குநராக வந்தார். பதினைந்து வருடம் இருந்தார். யேல் பல்கலைக்கழகத்தோடு பேசி, டாக்டர்கள் முறை வைத்து வர ஏற்பாடானது. 1958-லிருந்து சுமார் 20,000 பேரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கத் தொடங்கினார்கள்.

சரி, ஃபிரான்சிஸுக்கும் டார்லிங்குக்கும் பெயர் கிடைத்தது நியாயம்தான். எனக்கு இடறுவது வேறு. "சோதனை செய்றீங்க, வைத்தியம் பார்க்க மாட்டேங்கிறீங்க" என்று பாதிக்கப்பட்டவர்கள் கொதித்தபோது வாசலில் நின்று கேட்டுக்கொண்டவர்கள் ஜப்பானியக் களப் பணியாளர்கள். லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் கூடுகிறது என்று ஆரம்பத்திலேயே கவனித்தவர்களில் ஒருவர் யமவாகி என்ற உள்ளூர் இளம் டாக்டர். ஆனாலும் இயக்குநர் நாற்காலி கடைசிவரை அமெரிக்கர்களிடமே இருந்தது. 1975 ஏப்ரலில் அது கதிர்வீச்சு விளைவுகள் ஆய்வு நிறுவனமாக மாறி, இரண்டு அரசுகளும் பணம் போட்டு, இரு தரப்பும் சேர்ந்து நடத்தும் இடமானது. குண்டு விழுந்து முப்பது வருடம் ஆகிவிட்டது.

எங்கள் ஆய்வில் ஒரு அக்கா இருந்தார், பத்தாவது படித்தவர். நானூறு வீடுகளும் அவருக்கு மனப்பாடம். நிதி குறைந்தபோது முதலில் முடிந்தது அவருடைய ஒப்பந்தம்தான். அடுத்த மாதம் வந்த புது டாக்டர், "இந்த வீடுகளெல்லாம் எங்கே?" என்று என்னிடம் கேட்டார். அக்காவின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.